விளக்கு மலையேறியது: பேச்சிலும் கவிதையிலும் உருவகம்

கார்த்திகை மாதத்துப் பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் விளக்கு மலையேறுகிறது. கொப்பரையும் நெய்யும் திரியும் 2,668 அடி உயரமுள்ள மலையுச்சிக்குக் கொண்டு செல்லப்படுகின்றன. அந்தி வேளையில் ஏற்றப்படும் தீபம் சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் தெரிகிறது. அதே ஊரில், அதே மாலையில், ஒரு வீட்டு மாடத்திலிருந்த அகல் காற்றில் அணைந்துபோனால், அவ்வீட்டு மூதாட்டி 'விளக்கு மலையேறிவிட்டது' என்பார். முன்னதில் விளக்கு எரிகிறது, பின்னதில் அணைந்துவிட்டது. சொற்கள் ஒன்றாயிருக்கப் பொருள்கள் நேர் எதிராக நிற்கின்றன. ஆயினும் திருவண்ணாமலையில் எந்தச் சிறு பிள்ளையும் இவ்விரண்டையும் மாற்றி விளங்கிக்கொள்வதில்லை.

'அணைந்தது' என்னும் சொல் அமங்கலமென்று கருதியவர்கள் அதற்குப் பதிலாக வழங்கிய சொல்லே 'மலையேறியது' என்பதாகும். அது பின்னர் விரிந்து, 'அந்தக் காலம் மலையேறிவிட்டது' என்று கழிந்துபோன எதனையும் குறிக்கலாயிற்று. நாமும் நம் வீடுகளில் இவ்வாறே பேசுகிறோம். இதற்கென எந்த இலக்கணத்தையும் நாம் படித்ததில்லை. தாய்மொழியில் உருவகத்தை உணர்ந்துகொள்வது மூச்சு விடுவதைப் போன்றது.

ஆனால், தாய்மொழியில் இவ்வளவு எளிதாக நடைபெறும் இச்செயல், வேற்று மொழியின் நூலொன்றை மொழிபெயர்ப்பில் படிக்கும்போது தடுமாறத் தொடங்குகிறது. இன்று நம்மிற் பெரும்பாலோர் திருக்குர்ஆனையும் நபிமொழிகளையும் ஆசிரியர் துணையின்றித் தமிழிலேயே படிக்கின்றனர். இது வரவேற்கத்தக்க வளர்ச்சி என்பதில் ஐயமில்லை. எனினும், சொல்லை அதன் மேற்பொருளிலேயே பிடித்துக்கொண்டு வழக்காடுவோர் ஒருபுறமும், தமக்கு இடர் தரும் இடங்களையெல்லாம் 'அது உருவகம்' என்று கூறித் தப்பித்துக்கொள்வோர் மறுபுறமும் பெருகி வருவதைக் காண்கிறோம். இவ்விரு சாராருக்கும் இடையே நம் முன்னோர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் செப்பனிட்டு வைத்த பாதை ஒன்று உண்டு. அதனைத் தமிழ் வழக்குகளின் துணையோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரவல் வாங்கிய சொல்

அரபு அணியிலக்கணமாகிய பலாகத் கலையில், ஒரு சொல் தனக்கென்று அமைந்த பொருளில் நிற்பதை 'ஹகீகத்' என்றும், அப்பொருளைக் கடந்து வேறொன்றைச் சுட்டுவதை 'மஜாஸ்' என்றும் வழங்குவர். மஜாஸ் என்பதன் வேர்ப்பொருளே கடந்து செல்லுதல் என்பதாகும். மஜாஸின் வகைகளுள் ஒப்புமை காரணமாக அமைவது 'இஸ்திஆரா'. அச்சொல்லின் பொருள் இரவல் கேட்டல் என்பது. வீரனைச் சிங்கம் என்னும்போது விலங்கின் பெயரை நாம் இரவல் வாங்குகிறோம். இரவல் பொருள் நம்முடையதன்று என்பது கொடுத்தவர்க்கும் தெரியும், வாங்கியவர்க்கும் தெரியும், பார்ப்பவர்க்கும் தெரியும். இந்த மூன்றாவது அறிதலில்தான் உருவகம் உயிர் வாழ்கிறது.

தமிழிலக்கணமும் இதனை நுட்பமாக ஆராய்ந்துள்ளது. தொல்காப்பியர் உவமவியல் என ஓர் இயலே வகுத்தார். உருவகத்தைத் தனியணியாகப் பிரிக்காமல் உவமத்துள் அடக்கினார். வடமொழித் தண்டியின் நூலைத் தழுவியெழுந்த தண்டியலங்காரம் உருவகத்தைத் தனியணியாக வகைப்படுத்திற்று. ஒப்புமையின்றிப் பிற தொடர்புகளால் பெயர் மாறி நிற்பதை ஆகுபெயர் என்றனர். அரபியர் 'மஜாஸ் முர்ஸல்' என்பது பெரிதும் இதனையொத்தது. யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள் தம் தந்தையிடம், தாங்கள் தங்கியிருந்த ஊரைக் கேட்டுப் பார்க்குமாறு கூறியதாகத் திருமறையில் வருகிறது (12:82). ஊர் பேசாது, ஊராரே பேசுவர். 'ஊர் சிரிக்கிறது' என்று நாம் சொல்லும் இடவாகுபெயரும் இதுவே. 'காளை வந்தான்' என்பதை உவமையாகுபெயர் என்கிறோம். அரபியர் சிங்கத்தைக் கொண்டு சொன்னதை உழவுத் தொழிலில் வாழ்ந்த தமிழர் காளையைக் கொண்டு சொன்னார்கள் என்பது இங்கு நோக்கத்தக்கது.

சொல் தன் பொருளைக் கடப்பதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது 'அலாகா', அதாவது இரு பொருள்களுக்கும் இடையே ஒரு தொடர்பு இருக்க வேண்டும். இரண்டாவது 'கரீனா', அதாவது நேர்ப்பொருளைத் தடுத்து மறைபொருளைக் காட்டும் குறிப்பு ஒன்று இருக்க வேண்டும். 'மிம்பரின்மீது ஒரு சிங்கத்தைக் கண்டேன்' என்னும்போது, மிம்பர் என்ற சொல்லே கரீனாவாகிறது. மலையேறிய விளக்கிலும் இவ்வாறே. கொப்பரையும் உச்சியும் பேச்சில் இருந்தால் நேர்ப்பொருள்; காற்றும் அகலும் இருந்தால் மறைபொருள்.

நெடுங்காலம் புழங்கிய இரவல் சொற்கள் சொந்தச் சொற்களைப் போலவே ஆகிவிடுகின்றன. மலைக்கு அடியும் மேசைக்குக் காலும் ஊசிக்குக் காதும் நாம் கொடுத்தவையே. அரபியில் 'ஐன்' என்னும் சொல் கண்ணையும் நீரூற்றையும் குறிக்கும்; தமிழிலும் 'ஊற்றுக்கண்' உண்டு. ஒன்றையொன்று அறியாத இரு மொழியினர் பூமியிலிருந்து நீர் கசிவதைக் கண்டபோது கண்ணையே நினைத்திருக்கின்றனர். ஜமக்ஷரி (மறைவு ஹி. 538 / கி.பி. 1144) தமது 'அஸாஸுல் பலாகா' அகராதியில் சொற்களின் நேர்ப்பொருளையும் மஜாஸ் வழக்குகளையும் பிரித்துக் காட்டினார். 1980-இல் ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் உருவகம் கவிஞர்களுக்கு மட்டும் உரியதன்று, அன்றாடச் சிந்தனையே அதன்மீதுதான் நடைபெறுகிறது என்று ஒரு நூல் எழுதினர். நேரத்தைப் பணமாக எண்ணுவதால்தான் அதைச் செலவிடுகிறோம், மிச்சப்படுத்துகிறோம், வீணடிக்கிறோம் என்பது அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று. ஜமக்ஷரியின் அகராதியைப் புரட்டியவர்க்கு இக்கருத்து முற்றிலும் புதிதாகத் தோன்றாது.

உருவகம் பொய்யாகுமா?

இறைவேதத்தில் மஜாஸ் இருக்கலாமா என்ற வினா மிகப் பழமையானது. இல்லாததை இருப்பதாகச் சொல்வது பொய்யல்லவா என்று சிலர் வாதிட்டனர். இப்னு குதைபா (மறைவு ஹி. 276 / கி.பி. 889) இதற்கு விடையிறுத்தார். மஜாஸ் பொய்யென்றால் நம் பேச்சிற் பெரும்பகுதி பொய்யாகிவிடும் என்பது அவர் வாதம். மூஸா (அலை), களிர் (அலை) வரலாற்றில், ஒரு சுவர் விழ விரும்பியதாகத் திருமறை கூறுகிறது (18:77). சுவருக்கு விருப்பம் ஏது என்று கேட்போரிடம், விழும் நிலையிலுள்ள சுவரை நீங்கள் எவ்வாறு கூறுவீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

தமிழ் வாசகர்க்கு இக்கேள்வியின் வலிமை உடனே விளங்கும். 'சுவர் விழப் பார்க்கிறது' என்றுதானே நாம் சொல்கிறோம்! 'மழை வரப் பார்க்கிறது' என்கிறோம். சுவருக்கும் மழைக்கும் கண் இருப்பதாக யாரும் எண்ணியதில்லை. சொன்னவரைப் பொய்யர் என்று யாரும் குற்றஞ்சாட்டியதுமில்லை.

பொய்யையும் இஸ்திஆராவையும் பிரிக்கும் கோட்டைப் பலாகத் அறிஞர் ஸக்காகி (மறைவு ஹி. 626 / கி.பி. 1229) போன்றோர் தெளிவாக வரைந்தனர். பொய்யன் தன் சொல்லின் மேற்பொருளைக் கேட்பவன் நம்ப வேண்டுமென்று விரும்புகிறான். உண்மையைக் காட்டக்கூடிய தடயங்களை மறைக்கிறான். உருவகம் பேசுபவனோ மேற்பொருளைக் கேட்பவன் நம்பிவிடாதிருக்கத் தடயத்தைத் தானே நாட்டுகிறான். அந்தத் தடயமே கரீனா. ஆகவே கரீனாவை மறைத்துப் பேசப்படும் உருவகம் பொய்க்கு மிக அருகில் சென்றுவிடும் என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

இங்கு மாற்றுக் கருத்தொன்றையும் நேர்மையோடு குறிப்பிடுதல் வேண்டும். இப்னு தைமிய்யா (மறைவு ஹி. 728 / கி.பி. 1328) ஹகீகத், மஜாஸ் என்னும் பிரிவினையையே ஏற்கவில்லை. சொல்லுக்குச் சூழலுக்கு வெளியே பொருள் இல்லை. ஒவ்வொரு சூழலிலும் அது தரும் பொருளே அதன் பொருள் என்பது அவர் நிலை. பெரும்பான்மை அறிஞர்கள் இதனை ஏற்கவில்லையெனினும், சூழலை விட்டுச் சொல்லைப் பிய்த்தெடுக்கக் கூடாது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். நமக்கு இன்று மிகவும் தேவைப்படும் பாடமும் அதுவே.

இரு நூல்களும் நீண்ட கையும்

மொழியில் தேர்ந்தவர்களும் உருவகத்தை நேர்ப்பொருளில் கொண்டுவிடக்கூடும் என்பதற்கு நபித்தோழர்கள் வாழ்விலேயே இரண்டு அழகிய சான்றுகள் உள்ளன.

நோன்பிருப்போர் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து தெளிவாகும் வரை உண்ணலாம், பருகலாம் என்ற கருத்தில் வசனம் அருளப்பட்டபோது (2:187), அதீ இப்னு ஹாத்திம் (ரழி) அவர்கள் உண்மையாகவே இரண்டு கயிறுகளை எடுத்துத் தலையணையின்கீழ் வைத்துக்கொண்டார்கள். இரவில் எவ்வளவு பார்த்தும் வேறுபாடு தெரியவில்லை. காலையில் நபி (ஸல்) அவர்களிடம் சென்று கூறியபோது, அவை அடங்குமளவு உம் தலையணை அகலமானதுதான் என்னும் பொருள்பட நயமாகப் பேசிவிட்டு, அது இரவின் கருமையும் பகலின் வெண்மையுமே என்று பெருமானார் விளக்கினார்கள். அதீ (ரழி) கொடைக்குப் பெயர்பெற்ற ஹாத்திம் தாயியின் மகனார். அரபு மொழி அவர்தம் தாய்ப்பால். அவரே தடுமாறினாரென்றால், மொழிபெயர்ப்பை மட்டும் நம்பியிருக்கும் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்! அவரைப் பெருமானார் கடிந்துகொள்ளாமல் புன்னகையோடு திருத்தியதும் ஆசிரியர்கள் மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது சான்று அண்ணலாரின் மனைவியரைப் பற்றியது. தம் மறைவுக்குப் பின் தம்மை முதலில் வந்தடைபவர், மனைவியருள் மிக நீண்ட கையுடையவரே என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்துக்கொண்டனர். ஆனால் முதலில் மறைந்தவர் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள். ஹிஜ்ரி 20-இல் காலமான அவர்கள் குள்ளமான உருவமுடையவர்கள். தம் கையால் உழைத்து, ஈட்டியதைத் தர்மம் செய்து வந்தவர்கள். நீண்ட கை என்றது கொடையையே என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஆயிஷா (ரழி) அவர்கள் இதனை அறிவிப்பதாக முஸ்லிம் நூலில் காண்கிறோம்.

இந்நபிமொழியைத் தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் என்னவாகும்? 'அவருக்குக் கை நீளம்' என்றால் தமிழில் திருட்டுப் புத்தி உள்ளவர் என்று பொருள்! அரபியில் வள்ளலைக் குறித்த அதே உருவகம் தமிழில் கள்வரைக் குறிக்கிறது. நீளுதல் என்னும் ஒப்புமை இரண்டிலும் உண்டு. கொடுக்க நீள்வதை அரபியர் கருதினர், எடுக்க நீள்வதைத் தமிழர் கருதினர். அன்னை ஸைனப் (ரழி) அவர்களைப் பற்றிய புகழுரை, அகராதிப்படி பிழையில்லாத ஒரு மொழிபெயர்ப்பில் இழிவுரையாகிவிடும். ஆகவே இத்தகைய இடங்களில் 'தாராளமான கை' என்றோ, நேர்ச்சொல்லோடு விளக்கக் குறிப்புச் சேர்த்தோ பெயர்ப்பதே முறையாகும்.

எல்லா உருவகங்களும் இவ்வாறு முரண்படுவதில்லை. கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முற்றாக விரித்துவிடவும் வேண்டாம் என்ற கருத்தில் திருமறை கஞ்சத்தனத்தையும் ஊதாரித்தனத்தையும் விலக்குகிறது (17:29). 'கையை இறுக்கிப் பிடிப்பவர்', 'ஓட்டைக் கை' என்று பேசும் தமிழர்க்கு இதில் எந்தத் தடையும் இல்லை. மலம் கழித்து வருதலைத் திருமறை, தாழ்வான நிலத்திலிருந்து வருதல் என்று நாகரிகமாகச் சுட்டும் (4:43). அரபியர் இதனைக் 'கினாயா' என்பர். நன்னூலார் இடக்கரடக்கல் என்பார். 'கொல்லைக்குப் போனான்', 'கால் கழுவி வந்தான்' என்னும் வழக்குகளை அறிந்த நம் பாட்டிமார் அவ்வசனத்தின் நயத்தை அறிஞரினும் விரைவாக உணர்வர்.

தீர்ப்பை மாற்றும் உருவகம்

உருவகம் இலக்கியச் சுவைக்கு மட்டும் உரியதென்று எண்ணுவோர் ஃபிக்ஹு நூல்களைத் திறந்து பார்த்தல் நலம். ஒருவர் கோபத்தில், 'இன்னாரின் வீட்டில் கால் வைக்கமாட்டேன்' என்று சத்தியம் செய்கிறார். பின்னர் ஒரு நாள் வாகனத்தில் அமர்ந்தபடியே, கால் தரையில் படாமல், அவ்வீட்டினுள் நுழைந்துவிடுகிறார். சத்தியம் முறிந்ததா? நம் அரபுக் கல்லூரிகளில் பாடமாக உள்ள 'உஸூலுஷ் ஷாஷீ' முறிந்தது என்கிறது. கால் வைத்தல் என்பது மக்கள் வழக்கில் நுழைதல் என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. வெறுங்காலோடு நுழைந்தாலும், செருப்போடு நுழைந்தாலும், ஊர்தியில் நுழைந்தாலும் நுழைவு நுழைவே. 'உன் வாசற்படி மிதிக்கமாட்டேன்' என்று சபதம் செய்த தமிழர் ஒருவர் படியைத் தாண்டிக் குதித்து உள்ளே சென்றுவிட்டு, நான் படியை மிதிக்கவில்லையே என்று வாதிட்டால் ஊர் ஏற்குமா? வழக்காறு வந்து நிற்கும் இடத்தில் நேர்ப்பொருள் விலகிக்கொள்ளும் என்பது சட்டவியலாரின் பொதுவிதி.

இதனினும் நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு உளூவைப் பற்றியது. தூய்மையை முறிப்பனவற்றுள் பெண்களைத் தீண்டுதலையும் மேற்சொன்ன அதே வசனம் (4:43) எண்ணுகிறது. தீண்டுதல் என்பது நேர்ப்பொருளா, கினாயாவா? இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அதனை நேர்ப்பொருளில் கொண்டார். தோலோடு தோல் படுவதே உளூவை முறிக்கும் என்றார். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வழியினர், இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் விளக்கத்தைப் பின்பற்றி, அது தாம்பத்திய உறவைக் குறிக்கும் நாகரிகச் சொல் என்றனர். வெறும் தீண்டுதலால் உளூ முறியாது என்றனர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈகளும், திருவண்ணாமலை, வேலூர் வட்டாரங்களின் ஹனஃபீகளும் இவ்வொரு சொல்லில் வேறுபட்டு நிற்கின்றனர். ஆயினும் ஒரே இமாமின் பின்னால் தோளோடு தோள் நின்று தொழுகின்றனர்.

இது சிந்திக்கத்தக்கது. ஒரு சொல் நேர்ப்பொருளிலா மறைபொருளிலா என்பதில் நேர்மையான அறிஞர்கள் வேறுபடக் கூடும். அவ்வேறுபாட்டைத் தாங்கிக்கொண்டு ஒரு சமுதாயம் ஆயிரம் ஆண்டுகள் ஒன்றாக வாழவும் கூடும். இன்று மேடைகளில் எதிர்த்தரப்பாரை வழிகெட்டோர் என்று எளிதாக அழைப்போர் தம் உளூவின் வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கவிதையில் உருவகம்

உருவகத்தின் அழகு எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆழமாக ஆராய்ந்தவர் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி (மறைவு ஹி. 471 / கி.பி. 1078). முதிர்ந்த வயதில் பிள்ளைவரம் வேண்டிய ஸகரிய்யா (அலை) அவர்கள், தம் தலை நரையால் பற்றியெரிவதாக இறைவனிடம் முறையிட்டதைத் திருமறை எடுத்துரைக்கிறது (19:4). இதன் சிறப்பு நரையை நெருப்பாக்கியதில் மட்டும் இல்லை என்றார் ஜுர்ஜானி. 'தலையில் நரை எரிந்தது' என்று கூறினாலும் உருவகம் இருக்கத்தான் செய்யும்; ஆனால் அழகு போய்விடும். 'வீட்டில் தீ எரிந்தது' என்றால் ஏதோ ஒரு மூலையில் எரிந்திருக்கலாம். 'வீடு தீப்பற்றி எரிந்தது' என்றால் வீடு முழுவதும் எரிந்தது என்றாகும். எரிதலைத் தலைக்கே உரியதாக்கியதால் கருமுடி ஒன்றும் எஞ்சவில்லை என்னும் நிறைவு கிடைக்கிறது. இரவல் வாங்கிய சொல்லை எங்கே வைக்கிறோம் என்பதில் கவிதை இருக்கிறது என்பது அவர் 'தலாயிலுல் இஃஜாஸ்' நூலின் அடிப்படைக் கருத்து. மலையுச்சித் தீபத்தை ஆண்டுதோறும் காணும் இவ்வூரார்க்கு இதனை விளக்குவது கடினமன்று. உச்சியில் எரிவது ஒரு கொப்பரைதான்; பார்ப்பவர் சொல்வது 'மலை எரிகிறது' என்பதே.

உருவகத்திற்கு மரபு வேலியிடுவதும் உண்டு. கவிஞன் வேலியைத் தாண்டுவதும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் அபூ தம்மாம் பழிச்சொல்லை நீராக உருவகித்து, அந்நீரைத் தனக்குப் புகட்ட வேண்டாம் என்று பாடினார். அதனை ஏளனம் செய்ய விரும்பிய ஒருவர் ஒரு பாத்திரத்தை அனுப்பி, அந்தப் பழிநீரில் சிறிது தருமாறு கேட்டாராம். பணிவின் சிறகிலிருந்து ஓர் இறகை நீர் அனுப்பினால் நான் நீரை அனுப்புகிறேன் என்று கவிஞர் மறுமொழி கூறியதாகப் பலாகத் நூல்கள் சொல்கின்றன. பெற்றோர்க்குப் பணிவின் சிறகைத் தாழ்த்துமாறு ஏவும் வசனத்தை (17:24) அவர் சுட்டினார். எனினும் இவ்விரண்டும் ஒன்றல்ல என்று திறனாய்வாளர் கூறுவர். அன்பு மிகும்போது பறவை குஞ்சுகளின்மேல் சிறகைத் தாழ்த்துவது கண்ணால் காணும் காட்சி. பழிக்கும் நீருக்கும் அத்தகைய காட்சித் தொடர்பு இல்லை. அலாகா வலுவாக இருந்தால் உருவகம் நிலைக்கும். இல்லையேல் அறிவு விளையாட்டாக முடியும்.

நம் தமிழ் இலக்கியத்தில் இவ்வினா கூர்மையாக எழுந்தது குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) பாடல்களைப் பற்றியே ஆகும். இறைவனை மனோன்மணி என்னும் காதலியாக விளித்து அவர் பாடினார். சித்தர் மரபுச் சொற்களைத் தயக்கமின்றிக் கையாண்டார். முஸ்லிமல்லாத புலவர்களும் அவர்மீது பாமாலை புனைந்தனர். நம்மவருள்ளோ அச்சொற்களை மேற்பொருளில் கொண்டு முகம் சுளித்தோர் உண்டு. இத்தகைய மயக்கம் புதிதன்று. இப்னு அரபி (மறைவு ஹி. 638 / கி.பி. 1240) 'தர்ஜுமானுல் அஷ்வாக்' என்னும் நூலில் காதற் பாடல்களைப் பாடியபோது, அவை மெய்ஞ்ஞானப் பாடல்கள்தாமா என்று ஹலபு நகரில் ஐயம் கிளப்பப்பட்டது. அவர் தம் பாடல்களுக்குத் தாமே உரையெழுத வேண்டியதாயிற்று. கரீனா கவிதைக்குள் மெல்லியதாக இருக்கும்போது, கவிஞன் எந்த மரபில் நின்று பாடுகிறான் என்பதே பெரிய கரீனாவாகிறது. மஸ்தான் சாகிபின் சொற்களைப் படிப்போர் அவர்தம் தவ வாழ்வையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

1896-இல் திருவண்ணாமலைக்கு வந்து 1950-இல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்த ரமண மகரிஷியின் 'அட்சரமணமாலை'யும் ஆன்மாவை மணமகளாகவும் மலையை மணாளனாகவும் வைத்துப் பாடப்பட்டது. தமிழ்ப் பக்தி மரபில் ஆன்மா பெண். மஸ்தான் சாகிபின் மனோன்மணியிலோ, அரபு, பாரசீக ஸூஃபிகளின் லைலாவைப் போல, தேடப்படும் பரம்பொருள் பெண். கொள்கையில் வேறுபட்ட இரு நெறியாரும் தாங்கமுடியாத ஏக்கத்தைச் சொல்ல மனிதக் காதலையே இரவல் வாங்கியுள்ளனர்; இரவலின் திசைதான் மாறியிருக்கிறது.

உமறுப்புலவர் சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை மழையும் ஆறும் வயலும் நிறைந்த மருத நிலமாகப் பாடினார். பாலைவனம் அறியாமல் பாடிவிட்டார் என்று இதனை எள்ளுவது அறியாமை. அருள் பொழிந்த நாடு என்பதைத் தமிழ்ச் செவிக்குப் புரியும் உருவகத்தில் அவர் சொன்னார். நம் காலத்தில், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் பணியாற்றிய கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017) புதுக்கவிதையில் குறியீடு பற்றி ஆய்வு செய்தார். 'ஆலாபனை'க்காக 1999-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கஸலைத் தமிழுக்குக் கொணர்ந்து உருது, பாரசீக உருவகங்களுக்குத் தமிழில் இடம் தேடித் தந்தார். உமறு அரேபியாவைத் தமிழாக்கினார் எனில், கவிக்கோ தமிழின் உருவகப் பேழையில் புதிய அணிகளைச் சேர்த்தார் எனலாம்.

எல்லை அறிதல்

இறுதியாக, உருவகத்தின் எல்லையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அல்லாஹ்வின் கை, அர்ஷின் மீது அவன் அமைதல் ஆகியன குறித்த வசனங்களில் அறிஞர் இரு வழி நின்றனர். முன்னோர் பலர் அவற்றை எவ்வாறு என்று வினவாமல் ஏற்றனர், இமாம் மாலிக் (மறைவு ஹி. 179 / கி.பி. 795) அவர்களிடம் இதுபற்றி வினவப்பட்டபோது, தன்மை அறியப்படாதது, நம்புதல் கடமை என்ற கருத்தில் அவர் விடையளித்தது புகழ்பெற்றது. பிற்கால அஷ்அரீ அறிஞர் பலர் ஆற்றல், ஆட்சி என விளக்கம் கொண்டனர். படைப்புகளுக்கு ஒப்பாக அவனை எண்ணக் கூடாது என்பதில் இரு சாராரும் ஒன்றே. சொர்க்கம், நரகம், மறுமை எழுப்புதல் போன்றவற்றை 'எல்லாம் உருவகம்' என்று கரைத்துவிடுவதை இவ்விரு சாராருமே ஏற்றதில்லை. கரீனா இல்லாத இடத்தில் நேர்ப்பொருளே நிற்கும்.

இதே நேர்மையை அண்டை வீட்டாரிடமும் நாம் கடைப்பிடித்தல் வேண்டும். அண்ணாமலையைச் சைவர் இறைவடிவாகவே கொள்கின்றனர். அது வெறும் உருவகந்தானே என்று நாமாக அவர்களுக்கு விளக்கம் சொல்வது நாகரிகமாகாது; அவர்களது ஹகீகத்தை மஜாஸாக மாற்றும் உரிமை நமக்கில்லை. நம் நம்பிக்கை வேறு என்பதை நாம் அறிவோம், அவர்களும் அறிவர். கோயில் நகரொன்றில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, அவர்களோடு ஒரே தமிழைப் பேசிவரும் நமக்கு இத்தெளிவு இன்றியமையாதது. 'விளக்கு மலையேறிவிட்டது' என்று சொல்லும் முஸ்லிம் பெண்மணி எந்த வழிபாட்டிலும் பங்கேற்கவில்லை. தன் தாய்மொழியைப் பேசுகிறார். அதனைக் கேட்டு அவர்தம் ஈமானை ஐயுறுபவர், கயிற்றைத் தலையணையின்கீழ் வைத்துக்கொண்டு விடியலைத் தேடுபவராவார்.

எனவே, ஐயத்திற்கிடமான ஒரு சொல்லைப் படிக்கும்போதும் கேட்கும்போதும் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் நன்று. நேர்ப்பொருள் இங்கே பொருந்தி நிற்கிறதா? பொருந்தாதெனில், அதனை விலக்கும் கரீனா எது? அம்மொழி பேசிய மக்கள் அச்சொல்லை அவ்வாறு வழங்கினார்களா? மூன்றுக்கும் விடை கிடைக்காதவரை, தீர்ப்புக் கூறாமல் அறிந்தோரிடம் கேட்பதே நம் முன்னோர் வழி.

அண்ணுதல் என்பது நெருங்குதல். அண்ணா மலை என்பதற்கு நெருங்க இயலாத மலை என்று பொருள் கூறுவர். ஏறி இறங்கக்கூடிய ஒரு குன்றுக்கு அப்பெயரிட்டவர்கள் கல்லின் உயரத்தைக் கருதியிருக்கமாட்டார்கள். பார்வைகள் அவனை எட்டமாட்டா என்ற திருமறைக் கருத்தை (6:103) ஓதும் நாம், எட்டாததைச் சொல்ல மனித மொழி எத்துணை பாடுபடுகிறது என்பதை இப்பெயரிலும் உணரலாம். சொல்லைச் சரியாக விளங்கும் நல்லறிவையும், விளங்காதவிடத்து அடங்கும் பணிவையும் அல்லாஹ் நமக்கு நல்குவானாக.